மறுதரப்பின் நியாயம்



எந்தக் கொள்கையைச் சொன்னாலும் அதற்கொரு வசவு தயாராக இருக்கிறது. பொதுவுடைமையா? உழைக்காதவனுக்கும் பங்கு. தனியார்மயமா? முதலாளிக்குக் கைத்தடி. தேசியமா? டெல்லிக்குத் தலையாட்டல். திராவிடமா? குடும்ப ஆட்சி. வாட்ஸ்அப் குழுக்களில் பொழுது விடிவதே இதில்தான். ஆனால் ஒவ்வொரு வசவுக்குள்ளும் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. அதற்கு நம் திருச்சியே சாட்சி.

உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியது இங்கிருந்துதான், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, 1930 ஏப்ரல் 13 அன்று. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். அப்போது மாகாணத்தை ஆண்டது, உப்புக்காக நடந்த அதே காங்கிரஸின் அமைச்சரவை. ‘ஆள்பவர் மாறினால் தொழிலாளியின் நிலை மாறிவிடுமா?’ என்ற இடதுசாரிகளின் கேள்விக்கு அன்று காங்கிரஸிடம் பதில் இல்லை.

அரசே எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பதும் சரியில்லை என்று 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கினார் அதே ராஜாஜி. ‘லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்ஜியம்’ என்று சாடினார். 1974-ல் அந்தக் கட்சி வேறொரு கட்சியில் கரைந்துபோனது. ஆனால் 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது காங்கிரஸ் அரசுதான். அதற்காக, அரசு போட்ட முதலெல்லாம் வீண் என்றாகிவிடாது. திருவெறும்பூர் பெல் ஆலை வந்திராவிட்டால் அதைச் சுற்றி இத்தனை பட்டறைகள் ஏது? பெல்லில் ஆர்டர் குறைந்தால் அந்தப் பட்டறைகள் படும் பாடும் நமக்குத் தெரியும்.

தேர்தல் அரசியல் கொள்கையை நீர்த்துப்போகச் செய்துவிடும் என்பது பெரியாரின் வாதம். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று 1956 திருச்சி மாநாட்டுக்கு வந்தவர்களையே பெட்டியில் வாக்குப் போடச் சொன்னது தி.மு.க. நிற்கலாம் என்றே பெரும்பான்மை சொன்னது. 1963-ல் திராவிட நாடு கோரிக்கை கைவிடப்பட்டது. 1967-ல் ஆட்சி வந்தது. பெரியாரின் எச்சரிக்கையும் பொய்க்கவில்லை, நின்றவர்களின் கணக்கும் தப்பவில்லை.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே நிற்கும் பெரியார் சிலையை 2006 டிசம்பரில், திறப்பதற்கு முன்பே உடைத்தார்கள். அதே மாதம் சிலை திறக்கப்பட்டது. இன்றும் ரங்கனைச் சேவிக்க வரும் கூட்டம் குறையவில்லை. சிலைக்கு மாலை விழுவதும் நிற்கவில்லை. கருத்தை உடைக்கச் சுத்தியல் பயன்படாது.

பல ஆண்டுகள் ராஜாஜியுடன் மோதிய பெரியார், 1972-ல் அவர் மறைந்தபோது சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டு அழுதார். மோதியது கொள்கைகள், மனிதர்கள் நண்பர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நம்பும் கொள்கையின் மீது மறுதரப்பார் வைக்கும் குறைகளில், உங்களுக்கே நியாயமாகப் படும் ஒன்றை எழுதி அனுப்புங்கள். எந்தக் கட்சிக்காரரானாலும் சரி, பிரசுரிக்கிறோம். வசவுக்கு மட்டும் இங்கே இடமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்