அடுக்களையில் வெந்நீர் எதற்கு?

சென்ற ஆண்டு கோவையில் எம் வீட்டுக் குளியலறையைச் செப்பனிட்டபோது, குழாய் வேலைக்கு வந்த இளைஞர் சுவரை உடைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார். "கையோட சமையல் ரூமுக்கும் ஒரு சுடுதண்ணி லைன் இழுத்துரலாங்களா சார்?" நாம் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்துவிட்டது: "நம்ம ஊரு வெயிலுக்கு ஏனம் கழுவச் சுடுதண்ணியா?" எல்லோரும் சிரித்தோம். இளைஞரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. ஆயினும் அத்தனை விரைவாக, அத்தனை பேர் ஒப்புக்கொள்ளும் ஒரு விடையைக் கண்டால் சற்றே ஐயப்படுவது எம் தொழில் தந்த பழக்கம். வகுப்பில் எல்லா மாணவரும் ஒரே விடையைச் சொன்னால் அது பெரும்பாலும் வழிகாட்டி நூலிலிருந்து வந்த விடையாகவே இருக்கும்.

அம்மா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் மொழியே அவர் பக்கம் நிற்கிறது. நீர் என்றாலே நமக்குத் தண்ணீர், அதாவது தண்மையான நீர். அதைக் காய்ச்சிய பிறகும் பெயரை மாற்ற மனமின்றி 'சுடுதண்ணீர்' என்கிறோம். இந்த முரணைப் பேச்சு வழக்கின் பிழை என்று திருத்தும் தமிழாசிரியர்கள் உண்டு. அவர்கள் குறுந்தொகையின் 277ஆம் பாட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். தலைவன் திரும்பும் பருவம் எப்போது என்று அறிவரைக் கேட்கும் தோழி, அதற்கு முன் அவரை வாழ்த்துகிறாள். நாயில்லாத வாயிலில், ஒரே வீட்டில், வெண்ணெயிட்ட செந்நெற்சோறு வயிறார உமக்குக் கிடைக்கட்டும். பனிக்காலத்துக்கேற்ற வெந்நீரும் சேமித்து வைத்த செப்பில் கிடைக்கட்டும் என்கிறாள். அங்கேயும் வெப்பத்துக்குப் பக்கத்தில் 'தண்ணீர்' என்ற சொல்லே அமர்ந்திருக்கிறது. வாழ்த்தாகச் சொல்லும் அளவுக்கு வெந்நீர் அரும்பொருளாய் இருந்தது என்பதையும், அது உடம்புக்கான பொருளாய் இருந்தது என்பதையும் இப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த வெண்ணெய்ச் சோற்றுக் கலத்தை எதைக் கொண்டு கழுவினார்கள் என்பது பாட்டின் கவலையன்று.

கழுவ வெந்நீர் தேவைப்படவில்லை என்பதற்குச் சமையலிலேயே காரணம் உண்டு. குளிர்நாடுகளின் உணவில் விலங்குக் கொழுப்பு மிகுதி. ஆட்டுக்கொழுப்பு 40 பாகை செல்சியசுக்கு மேல்தான் முழுதும் உருகும். அதைக் குளிர்ந்த நீரால் தேய்த்தால் பாத்திரத்தில் மெழுகு பூசியதுதான் மிச்சம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் ஊர்க் குளிருக்கு உறைவதில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறையும் என்பதால் மார்கழிக் காலையில் மட்டும் புட்டிக்குள் வெள்ளையாய் முரண்டு பிடிக்கும். சோறு, குழம்பு, இரசம், மோர் என்று செல்லும் அன்றாட உணவின் எச்சம் முக்காலும் மாவுப்பொருளும் புளியும்தான். அது ஊறினால் போகும், சூடு வேண்டியதில்லை.

இதற்குமேல் புறக்கடை என்ற ஓர் ஏற்பாடு இருந்தது. விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஓரளவு சவர்க்காரமாகவே மாறிவிடும். தேங்காய் நார் தேய்க்கும். புளி பித்தளையின் களிம்பை அரிக்கும். எண்ணெய் மிகுந்த சட்டிக்குச் சீயக்காய்த் தூள். கரி பிடிக்காதிருக்கப் பானையின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசி அடுப்பேற்றும் முன்யோசனையும் இருந்தது. கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். எல்லாம் முடிந்ததும் பாத்திரங்களைத் துவைகல் மேலோ திண்டின் மேலோ கவிழ்த்து வெயிலில் காய வைப்பார்கள். நம் பாட்டிமார் கிருமி என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஈரம் நின்ற பாத்திரம் நாறும் என்று அறிந்திருந்தார்கள். கை பொறுக்கும் சூடு கிருமியைக் கொல்லப் போதாது என்பதே இன்றைய அறிவியலும் சொல்வது. சவர்க்காரமும் தேய்ப்பும் உலர்த்தலுமே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. அதனால் வெந்நீர்க் குழாய் இல்லாத அடுக்களையை அழுக்கு அடுக்களை என்று மூக்கைச் சுளிக்கும் வெளிநாட்டு உறவினர்களிடம் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் புறக்கடை இப்போது எங்கே? அடுக்குமாடி வீட்டின் கழுவுதொட்டிக்கு மேல் இரண்டடிச் சன்னல். அதற்கு அப்பால் அடுத்த வீட்டுச் சுவர். வெயில் வருவதில்லை, சாம்பலும் இல்லை. அவற்றின் இடத்தில் முதலில் சபீனா வந்தது, பிறகு பச்சை நிற விம் கட்டியும் அதன் திரவமும் வந்தன. உணவும் மாறிவிட்டது. வாரம் ஒருமுறை பிரியாணி, பொழுதுபோகாத மாலைகளில் பொரியல் வகைகள், பாலாடைக்கட்டி உருகி ஒட்டிய தட்டு. அம்மாவின் விடை எந்தச் சமையலறைக்குச் சரியாக இருந்ததோ அந்தச் சமையலறையை நாம் இடித்துவிட்டோம். விடையை மட்டும் வைத்திருக்கிறோம்.

வெயிலைச் சாட்சிக்கு அழைப்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியின் தயவில் சித்திரை வைகாசியில் பிற்பகல் இரண்டு மணிக்கு நம் எல்லோர் அடுக்களையிலும் வெந்நீர் வருகிறது. கையை நீட்டினால் சுரீர் என்கிறது. அரிசி களையக்கூட அது உதவாதென்று காலையிலேயே வாளியில் பிடித்து ஆறவைக்கும் வீடுகள் உண்டு. அதே தொட்டி மார்கழி இரவு முழுதும் பனியில் நின்றுவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்குக் கொடுக்கும் நீரைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாம் தொட்டதில்லை. அந்நேரத்தில் நாம் குளியலறையில் இருப்போம். அங்கே வெந்நீர் வரும்.

எம் வீட்டில் அந்த நீரைத் தொடுபவர், பதினோரு ஆண்டுகளாக வேலைக்கு வரும் ஓர் அக்காள். சென்ற மார்கழியில் தம் மகளின் பேறுகாலத்துக்காகப் பத்து நாள் வரவில்லை. பாத்திரம் கழுவும் முறை எமக்கு வந்தது. முதல் நாள் வீரம் பேசினோம். மூன்றாம் நாள் குக்கரின் அடியில் இரவெல்லாம் காய்ந்து சிமெண்டாகிவிட்ட பருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது விரல்நுனிகள் மரத்தன. ஐந்தாம் நாள் வலக்கைப் பெருவிரலின் ஓரம் வெடித்தது. இதே வெடிப்புகளை அக்காளின் கையில் நாம் பார்த்திருக்கிறோம். விரலிடுக்குகள் வெளிறி, ஊறி, சிவந்திருக்கும். "சேத்துப்புண்ணுங்க, தண்ணியில நின்னா வாரதுதான்" என்பார். நாமும் மஞ்சள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவோம். பதினோரு ஆண்டுகள்!

சமையலைப் பாடிய மரபு நம்முடையது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய, புளிப்புக் குழம்பை ஆக்குகிறாள் புதுமணப்பெண். கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாய் மலர்கிறது. அந்த மலர்ச்சியை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் வியந்து விளக்குகிறோம், தேர்விலும் கேட்கிறோம். அவள் ஆடையைக் கழுவாமல் உடுத்தியிருந்தது வரை புலவர் கவனித்திருக்கிறார். பெரிய கண்தான். உண்டு முடித்தபின் அந்தத் தயிர்க்கலமும் குழம்புச் சட்டியும் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவரும் கேட்டதில்லை. கற்பித்த நாமும் கேட்டதில்லை.

செலவு ஒரு காரணமே அன்று. பத்து லிட்டர் நீரை 20 பாகை சூடேற்ற ஏறத்தாழக் கால் யூனிட் மின்சாரம் போதும். நம் குளியலுக்கு நாம் கணக்குப் பார்ப்பதில்லை. தட்பவெப்பம் என்று நாம் சொன்னது பாத்திரத்தைப் பற்றிய உண்மை. அதைக் கையைப் பற்றிய உண்மையாகவும் வைத்துக்கொண்டோம், அது நம் கையாக இல்லாததால்.

இப்படியெல்லாம் எண்ணி, குற்றவுணர்வு தந்த ஊக்கத்தில், அக்காள் திரும்பி வந்த அன்று குளியலறையிலிருந்து ஒரு வாளி வெந்நீர் பிடித்து அடுக்களையில் வைத்தோம். நம் தாராளம் நமக்கே பெருமையாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் பயன்படுத்தினார். மூன்றாம் நாள் வாளி அப்படியே ஆறிக் கிடந்தது. "எரியுதுங்க சார்" என்றார். சூடும் சவர்க்காரமும் சேர்ந்தால் தோலின் எண்ணெய்ப்பசை இன்னும் விரைவாகப் போய்விடும். வெடிப்பு உள்ள கையில் அது காந்தும். படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது, நம்மைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று இரண்டு நாள் பொறுத்திருக்கிறார்.

அதன் பிறகுதான், வேறு என்ன செய்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டோம். பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக. அவர் தயங்கவே இல்லை. "ராத்திரி சாப்புட்டு எந்திரிக்கறப்போ அவங்கவங்க வட்டல்லயும் குக்கர்லயும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி வெச்சீங்கன்னா போதுமுங்க. காயாம இருந்தா சோப்பு பாதிதான் புடிக்கும். அப்பறம் காலையில ஆறரைக்கு வாரேனுங்க, அஞ்சரைக்கு வேண்டாம்."

அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஒப்பவில்லை. காலைக் காப்பிக்கு டம்ளர் வேண்டுமே என்றார். இப்போது காப்பி டம்ளரை நாமே கழுவுகிறோம், பச்சைத் தண்ணீரில்தான். குக்கரில் தண்ணீர் ஊற்றி வைக்க இன்னும் வாரத்தில் இரண்டு இரவாவது மறந்துபோகிறது. மறுநாள் அக்காள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சுரண்டும் ஓசை மட்டும் குளியலறை வரை கேட்கிறது.