அறுந்த நூலை ஒட்டினால் மட்டும் போதுமா?



"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியா?" லேபில் இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறோம்! வேலை நடந்துவிட்டால் சரி. ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. இது தப்பு என்பேன் நான். பட்டுத் தெரிந்துகொண்டது இது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் கம்ப்யூட்டர் படிப்பது தெரிந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று ஒரு கையடக்கக் கருவியைக் கொடுத்தார். 2002-ல் வெளிவந்த 'பாம் டங்ஸ்டன் டி'. பழைய மாணவர்களின் முகவரிகள், குறிப்புகள் எல்லாம் அதற்குள். அந்தக் கருவியில் நாம் எழுதுவதெல்லாம் ராம் நினைவகத்தில்தான் நிற்கும். பேட்டரி அடியோடு இறங்கினால் அத்தனையும் போச்சு! பேட்டரியோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்டாண்டு உடைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி புளூடூத்.

அவர் வீட்டுப் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டன. ஆனால் 'ஹாட்சிங்க்' மட்டும் நடக்கவில்லை. இணைப்பை அழித்தேன், மறுபடி இணைத்தேன். ஆறு தடவை! சார் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மானம் போனது.

கருவியைச் சார்ஜரில் போட்டுவிட்டு ராஜபாளையம் திரும்பினேன். அம்மா ஸ்பின்னிங் மில்லில் சைடர். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "ஒரே ஸ்பிண்டில்ல நூல் திரும்பத் திரும்ப அறுந்தா, ஒட்டிக்கிட்டே இருந்தா ஆகுமாடா? டிராவலர் தேஞ்சிருக்கான்னு பாக்க வேண்டாமா?"

சுரீரென்றது. மறுநாள் இணைப்பைத் தொடவே இல்லை. எது சரியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். தூரம் சரி. பாஸ்வேர்டு சரி. அப்படியானால் கோளாறு அதற்கு அப்புறம்தானே? புளூடூத் சாப்ட்வேர் தகவலைக் கொண்டுவந்து கொடுப்பது காம் 8 போர்ட்டில். ஹாட்சிங்க் மேனேஜரோ காம் 1-ல் காத்துக்கொண்டிருந்தது! விருந்தாளி ஒரு வாசலில், வீட்டுக்காரர் இன்னொரு வாசலில். எண்ணை மாற்றினேன். சில நிமிஷத்தில் முகவரிகள் அத்தனையும் கம்ப்யூட்டருக்குள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நண்பர்களே, ரீஸ்டார்ட் செய்வது பாவமில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். மாற்றியதை எழுதி வைப்போம். நாளைக்கு மில்லிலோ கம்பெனியிலோ மெஷின் முன்னால் நிற்கும்போது, "எப்படியோ ஓடிருச்சு சார்" என்று சொல்லவா டிப்ளமோ?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் காரணம் தேடுவதில் எங்கள் வீட்டில் நான் முதல் ஆள் இல்லை!