முகவரியைத் தமிழில் எழுதுக!

குமரி மாவட்டத்தின் மேலைக் கோடியில், விளவங்கோட்டு மண்ணில் அமைந்த மார்த்தாண்டத்திற்கு நாள்தோறும் மடற்பைகள் வந்து இறங்குகின்றன. அவற்றுள் தமிழர் தமிழர்க்கு விடுத்த உறைகளும் உள. எனினும் அவற்றின் மேல் தமிழ் இல்லை. உள்ளே தமிழ், உறையின் மேல் ஆங்கிலம்! ஏன் என்று வினவினால், “தமிழில் எழுதினால் மடல் போய்ச் சேராது” என்பர். இவ்வச்சம் உண்மையா? அஞ்சல் பிரிக்கப்படும் முறையை ஒருகால் எண்ணிப் பார்ப்பார் இதனை வெற்றச்சம் என்றே தெளிவர்.

பெட்டியில் இடப்பெற்ற மடல் அஞ்சலகத்திற்கு எடுத்துச் செல்லப்பெற்று, முத்திரை குத்தப்பெற்று, பிரிப்பகத்தை அடைகின்றது. அங்கே, ஊர்தோறும் ஓர் அறையாக வகுத்த நிலைப்பேழையின் முன் நிற்கும் பணியாளர் அதனை உரிய அறையில் இடுகின்றார். அவர் கண் முதற்கண் தேடுவது எழுத்தையன்று; எண்ணை. 1972 ஆகத்து 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சற் குறியீட்டெண்ணே அது. அதனை வகுத்தவர் வேலங்கர் என்னும் மராட்டியர், வடமொழிப் புலவர். வடமொழிப் புலவர் வகுத்த அம்முறையும் எம்மொழியையும் சாராது நிற்பது எண்ணத்தக்கது. 629165 என்பது மார்த்தாண்டம். முதல் எண்ணாகிய 6 தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் பொது. அடுத்த எண்ணிலேயே இரண்டும் பிரிகின்றன. 629 எனின் குமரி மாவட்டம். 695 எனின் திருவனந்தபுரம். இறுதி மூன்று எண்கள் மடலைக் கொண்டு கொடுக்கும் அஞ்சலகத்தைக் காட்டும். ஆகவே, நெடுவழி முழுதும் மடலை நடத்திச் செல்வது எண்ணே. தமிழ் அறியாதான் ஒருவன் இடைவழியில் அதனைக் கையில் எடுப்பினும், எண் தெளிவாயிருப்பின் வழி தவறாது.

எண்ணின் பணி அஞ்சலக வாயிலோடு முடிகின்றது. அதன்பின் மடல்களைச் சுற்றுவாரியாகப் பிரித்து, தெரு வரிசைப்படி அடுக்கி, தோளில் பை தாங்கிப் புறப்படுகின்றவர் அஞ்சற்காரர். வீட்டுப் பெயரைப் படிப்பவர் அவரே. இங்குதான் ஆங்கிலம் காலை வாருகின்றது. குமரி மேற்கில் ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்களும் வீட்டுப்பெயர்களும் மிகப் பல. விளை வேறு, விலை வேறு. ஆங்கில எழுத்தோ இரண்டையும் ஒன்றாக்கும். ளகரமும் லகரமும் அங்கு ஒன்றே. குளச்சலைக் ‘கொலாச்செல்’ எனப் படிக்குமாறு எழுதி வைத்ததும் அவ்வெழுத்தேயன்றோ! தமிழில் எழுதிய பெயர்க்கு இத்தடுமாற்றம் இல்லை.

‘தபால்’ வடக்கிலிருந்து வந்த சொல். ஆனால் திருவிதாங்கூர் அரசின் மடற்றுறை ‘அஞ்சல்’ என்றே வழங்கிற்று. 1951 ஏப்பிரல் முதல் நாளில் அத்துறை இந்திய அஞ்சலோடு இணைக்கப்பெற்றது. துறை மறைந்தும் பெயர் வாழ்கின்றது. இன்று தமிழ்நாடு முழுதும் வழங்குவது அச்சொல்லே. இம்மண் தமிழகத்தோடு சேர்வதற்காக 1954 ஆகத்து 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துமுக்கிச் சூட்டில் தமிழர் குருதி சிந்தினர். 1956 நவம்பர் முதல் நாளில் இணைப்பும் கைகூடிற்று. குருதி சிந்திப் பெற்ற ஊரின் பெயரைத் தமிழில் எழுதத் தயங்குவது எத்துணை இழிவு!

மக்கள் கைவிடும் மொழியை ஆள்வோர் மதிப்பதில்லை. 2019 சூலை 14 அன்று அஞ்சற்காரர் முதலிய பணிகட்கு நடந்த தேர்வில் முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைந்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, மாநிலங்களவை முடங்கியது. இரண்டே நாளில், சூலை 16 அன்று, அத்தேர்வு நீக்கப்பெற்றதாக நடுவண் அமைச்சர் இரவிசங்கர் பிரசாத் அறிவிக்க வேண்டியதாயிற்று. தமிழ்த்தெருவில் மடல் கொடுப்பவர்க்குத் தமிழில் தேர்வு வேண்டும் என்பதில் மறுப்புக்கு இடமேது? எனினும், ஊர்ப்புறத்தில் அப்பணி செய்வோர் இன்றும் ‘கிராமின் டாக் சேவக்’ என்னும் இந்திப் பெயரையே சுமக்கின்றனர். ஊரக அஞ்சற் பணியாளர் என்றால் பை கனத்துவிடுமா?

தமிழகத்திற்கு வெளியே செல்லும் மடலுக்கு என் செய்வது என்று சிலர் வினவலாம். கொண்டு கொடுப்பவர் படிக்கும் மொழியில் முகவரி அமைதல் வேண்டும் என்பதே நெறி. கேரளத்திற்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதில் குற்றமில்லை. அதே நெறிப்படி, தமிழகத்திற்குள் செல்லும் மடலில் தமிழே இருத்தல் வேண்டும். பிறரிடம் வேண்டும் உரிமை இஃதொன்றே. இதில் வெறி இல்லை.

எனவே தமிழர் செய்யத்தக்கது எளிது. ஆறு எண்களையும் அடித்தலின்றித் தெளிவாக எழுதுக! பெயர், வீடு, தெரு, ஊர் அனைத்தையும் தமிழில் எழுதுக! அஞ்சலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குக! இதற்குப் போராட்டம் வேண்டா. தூவல் ஒன்று போதும். தன் ஊர்ப்பெயரைத் தன் எழுத்தில் எழுதாதவன், பிறன் எழுதவில்லை என்று சினப்பதில் பொருளில்லை.