மோளக்காரங்க நம்பர் இருக்கா சார்?

நான் வங்கியில் கிளார்க். கவுண்டரில் உட்கார்ந்து காசு வாங்குகிறவன், காசு கொடுக்கிறவன். கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒருத்தர் அவசரமாக வந்தார். அன்றைக்குக் காலையில்தான் அவருடைய அப்பா இறந்திருந்தார். சாவுச் செலவுக்குப் பணம் எடுக்க வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நான் எண்ணிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கவுண்டருக்குள் தலையை நீட்டி மெதுவாகக் கேட்டார்: "சார், உங்க தெருவுல மோளக்காரங்க நம்பர் இருந்தா குடுங்க சார்."

ஒரே பேச்சில் இரண்டு சார். இரண்டுக்கும் நடுவில் என் தெரு. அவருக்கு என்னைக் குத்திக்காட்டும் எண்ணம் எதுவும் இல்லை. துக்கத்தில் இருந்த மனிதர். யோசிக்காமலே வந்த கேள்வி அது. யோசிக்காமல் வருவதுதான் சாதி.

"இல்லைங்க" என்றேன். பொய். என் போனில் நாலு பேர் நம்பர் இருக்கிறது. அதில் ஒருத்தர் எனக்குப் பறை சொல்லிக் கொடுக்கிற பெரியப்பா. ஏதோ மானத்தைக் காப்பாற்றிவிட்ட மாதிரி சாயங்காலம் அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஆள் மேல் இல்லை, என் மேல். "உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு இன்னிக்கி ரெண்டாயிரம் ரூவா போச்சு. உன் மானத்துக்கு நான் பட்டினி கெடக்கணுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா மோளக்காரர். பொம்மிடி பக்கம் எங்கள் காலனியில் யாரும் அதைப் 'பறை' என்று சொல்ல மாட்டார்கள். மோளம்தான். பறை என்பது நான் கல்லூரிக்குப் போய்த் தெரிந்துகொண்ட சொல். ஊரில் சாவு விழுந்தால் தாத்தாவுக்கு ஆள் வரும். பேரன் வயசுப் பையன் வந்து பேரைச் சொல்லி, "வாடா, பெரிய வீட்ல சாவு" என்பான். பிணம் எடுக்கும் வரை வெயிலில் நின்று அடிக்க வேண்டும். சாப்பாடு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் கொஞ்சம் ராகி.

அந்த மோளத்தை நான் முதலில் நேசித்தேனா வெறுத்தேனா என்று எனக்கே தெரியாது. வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்த சட்டம். புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இழுத்துக் கட்டிய தோல். வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் தாத்தா அதைக் காட்டுவார். தொய்ந்து கிடந்த தோல் விறைக்கும். விரலால் ஒரு தட்டு. இன்னும் போதாது. மறுபடியும் அனல். மறுபடியும் ஒரு தட்டு. திடீரென்று கணீர் என்று கேட்கும். அந்த ஒரு தட்டுக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வாத்தியத்துக்குச் சுதி சேர்ப்பதை என் வாழ்நாளில் முதலில் பார்த்தது அங்கேதான். ஆனால் அதைச் சுதி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தாளம் போட்டேன் என்று ஒரு வாத்தியார் எழுப்பி நிற்க வைத்தார். "உங்க புத்தி எங்கடா போகும்" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் என் கை பெஞ்சுப் பக்கம் போகவில்லை. அப்பாவும் மோளத்தைப் பரணில் ஏற்றிவிட்டார். "படிக்கிற பையன் கையில குச்சி எதுக்கு?" என்றார். தாத்தா எதிர்த்துப் பேசவில்லை. "இந்தச் சனியன் என்னோட போவட்டும்" என்றார்.

பிறகு எனக்கு இசை என்றால் கேசட்தான். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் தொண்ணூறு நிமிஷ கேசட்டில் பதிந்து தருவார்கள். பாதிக்கு மேல் இளையராஜா. பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டு ஊர்த் தெருவிலும் ஓடியது, காலனியிலும் ஓடியது. பாட்டுக்கு எல்லாத் தெருவிலும் வழி இருந்தது. கேட்கிற எங்களுக்கு இல்லை.

2012 நவம்பர் 7 அன்று இதே தருமபுரி மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் பக்கத்தில், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்தார்கள். ஒரு தலித் பையனும் வன்னியப் பெண்ணும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதற்கு அந்தத் தண்டனை. அதைக் கண்டித்து நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சு தொடங்கும் முன் நாலைந்து பேர் பழைய செய்தித்தாளைக் கொளுத்திப் பறை காய்ச்சினார்கள். அந்த வாசனை வந்ததுமே எனக்குத் தாத்தா ஞாபகம். அடிக்க ஆரம்பித்தார்கள். சாவு அடி! தாத்தா பெரிய வீட்டு வாசலில் தலைகுனிந்து அடித்த அதே அடி. இங்கே அதைக் கேட்டுக் கூட்டம் எழுந்து நின்றது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது: இழிவு அடியில் இல்லை, யார் ஏவி அடிக்கிறோம் என்பதில் இருந்தது. வீட்டுக்கு வந்து பரணில் தேடினேன். சட்டம் மட்டும்தான் மிச்சம். தோலை எலி தின்றிருந்தது. தாத்தா செத்துப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தோழர்களே, பறை பற்றி நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. ஒன்று, விட்டொழி என்பது. 1927இல் மகாத் மாநாட்டில், செத்த மாட்டு இறைச்சியை விடு, இழிவைத் தூக்கி எறி என்றார் அம்பேத்கர். தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லிப் போராடினார். அந்த மறுப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு நான் கவுண்டரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இன்னொன்று, அது நம் கலை, தூக்கிப் பிடி என்பது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் கையில் பறை ஏறியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒருத்தர் நிற்கிறார். அவர்தான் என் பெரியப்பா. விட்டொழி என்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல மாசச் சம்பளக்காரர்கள். தூக்கிப் பிடி என்கிறவர்கள் புறநானூறு 335ஆம் பாட்டில் பறையன் பேர் இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்தப் பெருமையை வைத்துப் பெரியப்பாவுக்கு ஒரு கிளாஸ் டீ வாங்கித் தர முடியுமா?

தோல் தீட்டு என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். மிருதங்கமும் தோல்தான். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மடியில் வைத்து வாசித்தால் தேவ வாத்தியம், தோளில் மாட்டி அடித்தால் தீட்டு. மாடு ஒரே மாடுதான்.

1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றுப் பக்கம், கறுப்பின அடிமைகள் மேளம் முழக்கி அணிதிரண்டு கலகம் செய்தார்கள். மறு வருஷமே சட்டம் போட்டு அவர்கள் மேளம் கொட்டுவதையும் கொம்பு ஊதுவதையும் தடுத்தார்கள். அங்கே எஜமான் "அடிக்காதே" என்றான். இங்கே "அடிடா" என்றான். இரண்டும் ஒரே அதிகாரம்தான். என் கை எப்போது அசைய வேண்டும் என்பதை அவன் தீர்மானிக்கிறான். அப்படியானால் விடுதலை என்பது அடிப்பதிலும் இல்லை, அடிக்காமல் விடுவதிலும் இல்லை. தீர்மானிக்கிறவர் யார் என்பதில் இருக்கிறது. அன்றைக்குக் கவுண்டரில் பெரியப்பாவுக்காக நான் தீர்மானித்தேன். நல்லெண்ணத்தோடுதான். ஆனாலும் அவர் கை என் கைக்குள் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் கற்றுக்கொள்கிறேன். இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. முப்பது வயசுக்கு மேல் குச்சி பிடித்தால் மணிக்கட்டு மடங்க மாட்டேன் என்கிறது. நோட்டு எண்ணிப் பழகிய கை. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி என்று அவர் கையில் அடுக்கடுக்காக இருக்கிறது. வாயால் தாளம் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிக் காட்டுவார். நம் கலைக்குழுக்கள் பலவற்றில் நாலைந்து அடிக்கு மேல் தெரியாது. காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறை வந்துவிட்டது. வரட்டும், தப்பில்லை. செத்த மாட்டை உரிக்கிற வேலை நம்மை விட்டுப் போனதற்கு நான் அழ மாட்டேன். தோல் போகட்டும். அடி போகக்கூடாது. மேடைக்கு ஆள் சேர்க்கிற தோழர்கள் முதலில் தங்கள் காலனிப் பெரியவரிடம் போய் உட்காருங்கள். அவரை ஆசான் என்று கூப்பிடுங்கள். சொல்லிக் கொடுப்பதற்குக் கூலி கொடுங்கள்.

பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, ஒரு பழைய சலான் பின்பக்கத்தில் எழுதினேன். முன்பணம் பாதி. வாடா போடா கூடாது. நிழலில் இடம். மணிக்கு ஒரு தடவை ஓய்வு. சாப்பாடு எல்லோரும் உட்காருகிற பந்தியில். "இதைச் சொல்லிட்டு நம்பர் குடு" என்றார்.

போன வாரம் இன்னொருத்தர் கேட்டார். பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, சலானில் இருப்பதை வரிசையாகச் சொன்னேன். பந்தி என்றதும் அவர் முகம் மாறியது. "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று போனவர் திரும்பவில்லை. சாயங்காலம் தயங்கித் தயங்கிப் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கும் அவருக்கு ரெண்டாயிரம் போயிருந்தது. இந்தத் தடவை விட்டவர் அவர்.

"வைக்கோல் எடுத்தா, காய்ச்சலாம்" என்றார்.