எதிரியின் கவனக்குறைவு யாருக்குச் சொந்தம்?

டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு, 2024 டிசம்பரில் நம் சென்னை அஸ்வின் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார். ஆனால் எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பேச்சு வந்தால் அந்த 537-ஐப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பந்தே வீசாமல் அவர் செய்த ஒரு ரன் அவுட்டைப் பற்றித்தான் சண்டை. சென்ற மாதம் அது முற்றிப்போய், "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று அறை நண்பன் என்னைக் கேட்டுவிட்டான். அன்று சொல்லி முடிக்காததை இம்மலரில் எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நடந்தது இதுதான். 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பஞ்சாப் அணி 184 ரன் எடுத்திருந்தது. ராஜஸ்தான் அணியின் ஜாஸ் பட்லர் 43 பந்துகளில் 69 ரன் குவித்து, வெற்றியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார். பந்து வீச ஓடிவந்த அஸ்வின் வீசாமல் நின்றார். மறுமுனையில் கோட்டை விட்டு நகர்ந்துவிட்ட பட்லரை, பெயில்களைத் தட்டி வெளியேற்றினார். ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. உடனே உலகமே நீதிபதியாகிவிட்டது.

இவ்வகை அவுட்டுக்கு ஓர் இந்தியரின் பெயரையே வசைச்சொல்லாக வைத்திருந்தார்கள். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி வெளியேற்றினார். அதே சுற்றுப்பயணத்தில் அதற்கு முன்பே ஓர் ஆட்டத்தில் எச்சரித்தும், ஒருமுறை அவுட்டாக்கியும் பிரவுன் திருந்தவில்லை. எதிரணித் தலைவர் பிராட்மனே தம் நூலில் மன்கட்டுக்காகப் பரிந்து எழுதினார். இருந்தும் பழி மன்கட் தலையில் விழுந்தது. இரண்டடி முன்னால் திருடப் பார்த்தவருக்கு ஒரு பழியும் இல்லை. பட்லரும் பச்சைப் பிள்ளையல்லர். 2014-இல் பர்மிங்ஹாமில் இலங்கையின் சேனநாயக்க முதலில் எச்சரித்து, பிறகு இதே விதத்தில் அவரை அவுட்டாக்கியிருக்கிறார். ஐந்து ஆண்டில் ஒருவர் ஒரு பாடத்தைக் கற்கவில்லை என்றால் ஆசிரியர் மீது குற்றம் சொல்லலாமா?

விதி எழுதுகிறவர்களும் பிற்பாடு இறங்கி வந்தார்கள். 2022 அக்டோபர் முதல் இந்த அவுட், 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுக்கப்பட்டு, சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்ந்துவிட்டது.

ஆனால் என் கட்சியிலும் ஓர் ஓட்டை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அஸ்வின் வழக்கமாகப் பந்தை விடும் கணத்தில் பட்லர் கோட்டுக்குள்தான் இருந்தார், அஸ்வின் நின்றதால்தான் வெளியே போனார் என்பது எதிர்க்கட்சியின் வாதம். விதிகளைக் காக்கும் எம்.சி.சி.யும் முதலில் தவறில்லை என்று சொல்லி, மறுபடி பார்த்தபின், இடையே விட்ட நேரம் அதிகம், அது ஆட்டத்தின் மாண்புக்கு ஒவ்வாது என்றது. இதற்கு எனக்கு விடை கிடைத்தது கிரிக்கெட்டில் அல்ல, பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில்.

சீட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடும் ஆட்டமல்ல நான் சொல்வது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்த ஆட்டம். நால்வர், 52 சீட்டு, கூட்டாளி எதிரே. இறங்கிய இனத்தில் கையில் சீட்டு இருந்தும் கவனம் தவறி வேறு இனத்தைப் போட்டால் தண்டனை உண்டு. அதனால் வரும் ஆதாயத்தை எதிரணி வெட்கமின்றி வாங்கிக்கொள்ளலாம். தகுந்த காரணம் இருந்தால், தண்டனை வேண்டாம் என்று அந்த எதிரணியே நடுவரிடம் கேட்கவும் இடமுண்டு. அதே விதிநூல் இன்னொன்றும் சொல்கிறது: எதிரியை ஏமாற்றுவதற்காக, யோசிப்பதுபோல் வேண்டுமென்றே தயங்கிச் சீட்டுப் போடக்கூடாது. அதாவது, எதிரி தானாகத் தவறினால் எடுத்துக்கொள். தவறை நீ விதைக்காதே. இந்த அளவுகோலை வைத்தால், பிரவுனை வெளியேற்றிய மன்கட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அஸ்வினுக்குச் செய்முறைத் தேர்வில் போடுவதுபோல் பாதிக்கு மேல் கொஞ்சம்.

"முன்கூட்டியே எச்சரிப்பதல்லவா தமிழர் அறம்?" என்று அறை நண்பன் புறநானூற்றை இழுத்தான். முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய ஒன்பதாம் பாட்டு. போருக்கு முன் எச்சரிக்கை உண்டு, உண்மைதான். ஆனால் யாருக்கு? பசுக்களுக்கும் பார்ப்பனருக்கும் பெண்டிருக்கும் பிணியாளருக்கும் பிள்ளைப்பேறு இல்லாதோருக்கும். வேலேந்தி எதிரே நிற்கும் வீரனிடம் "தம்பி, கேடயத்தைச் சரியாகப் பிடி" என்று எவரும் சொன்னதாகப் பாட்டில் இல்லை. களத்தில் இறங்கியவனுக்கு ஒரு நீதி, களத்திலேயே இல்லாதவனுக்கு ஒரு நீதி.

2011-இல் டிரென்ட் பிரிட்ஜில் தோனி செய்ததையும் இப்படித்தான் பார்க்கிறேன். தேநீர் இடைவேளைக்கு முந்திய பந்து எல்லையைத் தொட்டுவிட்டது என்று நம்பி, 137 ரன்னில் இருந்த இயன் பெல் உள்ளே நடக்கத் தொடங்கினார்; ரன் அவுட். அவர் ரன் திருடப் போகவில்லை, ஆட்டமே நின்றதாக நினைத்தவர். தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். அது சரிதான்.

எங்கள் ஊர்த் திருவிழாக் கபடியில் நானும் ஒரு பட்லரைப் பிடித்தவன். பாடி வந்தவர் எங்களில் இருவரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்கு ஒரு காலடி முன்பே பாட்டை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அவர்கள் ஊர்க்காரர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

தூக்கம் கெட்டது வேறொரு நாள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா, அம்மாவின் தோட்டை ஓரிடத்தில் அடகு வைத்திருந்தார். தவணை கடந்ததும் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கைநாட்டுத்தான், ஏதோ சர்க்கார் காகிதம் என்று கூரை எரவாணத்தில் செருகிவைத்தார். நெல் விற்ற பணத்தோடு மீட்கப் போனபோது தோடு ஏலத்தில் போய்விட்டிருந்தது. "நோட்டீஸ் அனுப்பினோமே, படித்துப் பார்க்க வேண்டாமா? உங்க கவனக்குறைவுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்களாம். விதிப்படி அவர்கள் செய்தது சரி. சொல்லப்போனால், எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்கள்.

அறை நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நீ என் கட்சிதானே?" என்றான். இல்லை. பட்லரும் பிரவுனும் விதிநூலைப் படித்தவர்கள். ஆதாயம் தேடித்தான் கோட்டைத் தாண்டினார்கள். அப்பா எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எவரும் படித்துக் காட்டவில்லை. இரண்டுக்கும் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லைப் போடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம்.

அந்தக் கடிதம் இன்னும் எரவாணத்தில்தான் இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். ஓரம் கறையான் அரித்திருந்தது; தேதி மட்டும் தெளிவாக இருந்தது. அப்பா திண்ணையிலிருந்து, "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டார். உரக்கப் படித்துக் காட்டினேன்.