தோட்டா அறையும் ஓர் ஆவணமே

சித்தூரில் உள்ள நண்பர் ஒருவரின் குடும்பத்தில் மார்ட்டினி-ஹென்றி ரைபிள் ஒன்று தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஒரு முறைக்கு ஒரே தோட்டாவை இட்டுச் சுடும் பழைய வகை. அதற்குரிய தோட்டா இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது முதல் அக்குடும்பத்தில் ஒரு விவாதம் நடக்கிறது. சுட முடியாத துப்பாக்கிக்காக ஓர் இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? கடையில் கிடைக்கும் .315 தோட்டாவுக்கு ஏற்றதாக மாற்றிவிடலாமே? நான் வரலாறு படிப்பவன் என்பதால் நண்பர் இக்கேள்வியை என்னிடம் கேட்டார். மாற்ற வேண்டாம் என்பதே என் விடை. இதே நிலையில் வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும் என்பதால் காரணங்களைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் பட்டறை சார்ந்த காரணம். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் குழிவே தோட்டா அறை. குடைகருவி உலோகத்தை நீக்கும், சேர்க்காது. ஆகவே ஓர் அறையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க இயலாது. மார்ட்டினி-ஹென்றியின் .577/450 தோட்டா உருவில் பெரியது. அதன் உறை விளிம்பின் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்; .315 தோட்டாவுக்கு ஏறத்தாழ 14. பழைய குழலின் துளை 11 மில்லிமீட்டருக்கு மேல்; .315 குண்டு 8 மில்லிமீட்டர்தான். எனவே 'அறையை மாற்றுவது' என்று சொல்லப்படுவது உண்மையில் குழலையே கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகும். அலெக்சாண்டர் ஹென்றி வகுத்த சுருள்வரிகளும், குழலில் பதிந்த முத்திரைகளும் அதனோடு போய்விடும். மேலும், 1871இல் ஏற்கப்பட்ட அந்த ரைபிள் கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. புகையில்லா வெடிமருந்தின் அழுத்தம் கணிசமாக உயர்ந்தது. நூறாண்டு கடந்த இரும்பு அதைத் தாங்கும் என்று சோதனை இல்லாமல் எவரும் உறுதி கூற முடியாது. தாங்காவிட்டால் ஊறு நேர்வது சுடுபவரின் முகத்துக்கு.

இரண்டாவது காரணமே எனக்கு முக்கியமானது. இந்தியாவில் ஒரு துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்ததில்லை. அரசும் முடிவு செய்தது. 1857இன் கிளர்ச்சியில் என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவுக்குப் பூசிய கொழுப்பு வகித்த பங்கைப் பள்ளி மாணவரும் அறிவர். அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென அதே என்ஃபீல்டின் .577 குழலை .656 அளவுக்கு அகலப்படுத்தி, சுருள்வரியற்ற மஸ்கட்டாகச் செய்து கொடுத்தார்கள். குறி தவறாத ஆயுதம் வேண்டுமென்றே குறி தவறும் ஆயுதமாக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலப் படைவீரர்கள் மார்ட்டினிக்கு மாறியபோதும் சிப்பாய்களிடம் நெடுங்காலம் ஸ்னைடரே இருந்தது. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான இடைவெளி குழல் துளையின் அளவில் எழுதப்பட்டிருந்தது.

1907இல் .450 அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் கொண்டுவரத் தடை வந்தது. கலகக்காரர்கள் கையில் இருந்த மார்ட்டினிகளுக்கு அக்குண்டுகள் பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். உடனே இலண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 எனப் புதிய அளவுகளைப் படைத்தன. யானை வேட்டை நூல்களில் புகழோடு பேசப்படும் இத்தோட்டாக்கள் பிறந்ததற்கு வேட்டையின் தேவையைவிட அந்தத் தடையே பெரிய காரணம். நண்பர் வீட்டிலுள்ள ரைபிளின் தோட்டா அறை, ஒரு பேரரசு அஞ்சிய அளவின் எஞ்சிய சான்று.

இச்சிந்தனை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிள்களைச் சுருள்வரியற்ற .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். தோட்டா அடுக்கு இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒற்றைத் தோட்டா ஆயுதமாக்கினார்கள். அதன் தோட்டாவும் கடையில் கிடைக்கும் .410 தோட்டா அன்று; .303 உறையிலிருந்து ஆக்கப்பட்ட தனி வகை. 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட வகையை வரையறுக்கையில், .303, 7.62 மில்லிமீட்டர் படைத் தோட்டாக்களையும் .410 மஸ்கட் தோட்டாவையும் ஏற்றுச் சுடக்கூடிய எந்த அளவையும் அதில் அடக்கின. துப்பாக்கியின் பெயரையோ வயதையோ மட்டும் வைத்து விதி நிற்கவில்லை. அதன் தோட்டா அறை எதை ஏற்கும் என்றும் கேட்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா இங்கே .315 என்ற பெயரில் குடிமக்களின் தோட்டாவானதும், அது இந்நாட்டுப் படையின் தோட்டா அன்று என்பதால்தான்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு தனிப்பொருள் உண்டு. பாகராப்பேட்டையை ஒட்டிய சாமலாப் பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி கென்னத் ஆண்டர்சன் எழுதினார். அவருடைய .405 விஞ்செஸ்டரை உலகெங்கும் வாசகர்கள் அறிவர். அவர் நூல் விட்டுச்சென்றார். அதே காடுகளின் ஓரத்தில் துப்பாக்கி வைத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள் நூல் எதுவும் எழுதவில்லை. அவர்கள் விட்டுச்சென்றது பொருள் மட்டுமே. அப்பொருளை மாற்றிவிட்டால் அவர்கள் தரப்பில் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய துப்பாக்கியைப் புதிய தோட்டாவுக்கு மாற்றுவது மார்ட்டினியின் வரலாற்றிலேயே இருக்கிறதே? ஸ்னைடர் என்பதே வாய்வழி மருந்திடும் என்ஃபீல்டின் பின்முனையை வெட்டி ஆக்கிய மாற்றம். மார்ட்டினி-ஹென்றிகளையும் படையினரே குழல் மாற்றி .303க்குக் கொண்டுவந்தார்கள், அவை மார்ட்டினி-என்ஃபீல்டு எனப்பட்டன. அப்படியிருக்க நண்பர் செய்தால் மட்டும் குற்றமா?

குற்றமில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அரசுத் தொழிற்சாலை செய்த மாற்றம் சோதிக்கப்பட்டது. புதிய பெயரும் முத்திரையும் பெற்றது. எது எப்போது மாறியது என்று இன்றும் வாசிக்கலாம். தனியார் பட்டறை மாற்றம் பழையதை அழித்துவிட்டுத் தன்னைப் பற்றி ஒரு குறிப்பும் வைக்காது. ஓலைச்சுவடியில் பின்னாளில் எழுதிய உரைக்கும், மூல எழுத்தைச் சுரண்டிவிட்டு எழுதியதற்கும் உள்ள வேறுபாடு இது.

பயன்பாடு என்ற வாதமும் எடுபடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த ரைபிளுக்குச் சேஷாசலம் காட்டில் வேலை இல்லை. மாற்றிய பிறகும் அது பெட்டிக்குள்தான் இருக்கும். மேலும் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியை மாற்றியமைக்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். தெரிந்த கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளும் காரியம் அன்று இது.

சட்டம் வேறொரு வழியும் திறந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தம், அரும்பொருள் வகையில் அடங்கும் துப்பாக்கிகளைப் பெறவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றது. பயன்படுத்தவும் எடுத்துச்செல்லவும் மட்டுமே உரிமம் கேட்டது. நண்பரின் ரைபிள் அவ்வகையில் அடங்குமா என்பதை உரிமம் வழங்கும் அலுவலரே தீர்மானிக்க வேண்டும். எழுத்துவழி விண்ணப்பித்துக் கேட்பதே முறை. பிரிட்டனில் .577/450 வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலில் இருக்கிறது. அத்தோட்டாவுக்குரிய மூல அறையோடு அலங்காரப் பொருளாக வைத்திருக்கும்வரை விலக்கு உண்டு. புதிய தோட்டாவுக்கு மாற்றினால் விலக்கு போய்விடும். அங்கே தோட்டா அறையே பழமைக்குச் சான்றிதழ்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறோம். நாணயத்தை எடை போடுகிறோம். துப்பாக்கியை மட்டும் 'பழைய துப்பாக்கி' என்ற இரு சொற்களோடு விட்டுவிடுகிறோம். உரிமையாளரின் ஒப்புதலோடு, தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பக்கவாட்டு முத்திரையையும் ஆண்டையும் படம் எடுக்கலாம்; துளையை அளக்கலாம்; பயிற்சி பெற்றவரைக் கொண்டு அறையின் வார்ப்பு எடுக்கலாம். அது என்ஃபீல்டில் செய்ததா, கைபர் கணவாய்ப் பட்டறையின் நகலா என்பது அப்போது தெரியவரும். திருப்பதியிலும் குப்பத்திலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன; கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி எனப் பழைய ஜமீன்களின் நிலப்பரப்பும் அருகிலேயே இருக்கிறது. ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இது போதும்.

நண்பர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவருடைய மகன் மாற்றிவிடலாம் என்கிறார். தாயார், தன் மாமனார் கைப்பட்டது அப்படியே இருக்கட்டும் என்கிறார். என் வாக்கு அம்மையாருக்கே. வைத்திருக்க இயலாவிட்டால் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வழி கேட்கட்டும். ஆனால் கொடுக்கும் நாளில் அதன் அறை, அது முதலில் ஏற்ற தோட்டாவின் வடிவத்தையே கொண்டிருக்கட்டும்.