மனையை ஒழுங்கு செய்யும் தொழில்

ஒரு வீட்டின் செல்வத்தை அறிய அதன் அலுமாரிகளைத் திறந்து பார்க்க வேண்டும். அவ்வீட்டின் அமைதியை அறியவோ, "கத்தரிக்கோல் எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டாற் போதும். கேட்டவுடன் ஒரு சிறு பிள்ளை ஓடிச் சென்று எடுத்து வருமாயின் அது ஒழுங்குள்ள மனை. நால்வர் நான்கு அறைகளிலும் தேடி, ஒருவரையொருவர் கடிந்து, ஈற்றில் மருந்துப் பெட்டிக்குள் அதனைக் கண்டெடுப்பராயின், அங்கே பொருள் இருந்தும் பயனில்லை.

நம் முன்னோர் வாழ்ந்த நாற்சார் வீடுகளில் இக்கேள்விக்கு அதிக வேலையிருக்கவில்லை. உறியிலே தயிர், சுவரிலே சுளகு, பெட்டகத்திலே காணி உறுதி என ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருந்தது. இருளிலும் கையை நீட்டி எடுக்கலாம். அவ்வொழுங்கை எவரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. வீட்டிலே ஆச்சி இருந்தார், அவர் கண் இருந்தது, அதுவே போதுமாயிருந்தது.

இன்றைய அச்சுவேலியைப் பாருங்கள். விடிந்ததும் தந்தை செம்மண் தோட்டத்துக்கோ யாழ்ப்பாண நகரத்துக் காரியாலயத்துக்கோ புறப்படுகின்றார். தாய் ஆசிரியையாகவோ வங்கி ஊழியராகவோ இருக்கின்றார். பிள்ளைகள் மத்திய கல்லூரிக்கும் புனித திரேசாள் மகளிர் கல்லூரிக்கும் சென்று, மாலையில் ரியூசன் வகுப்புகளையும் முடித்துக்கொண்டு இருட்டிய பின்னரே வீடு சேர்கின்றனர். ஆச்சியோ கனடாவிலே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். வீட்டுச் சாமான்கள் முன்னிலும் பன்மடங்கு பெருகிவிட்டன. அவற்றைப் பார்க்கும் கண்தான் குறைந்துவிட்டது.

இக்குறையை நிரப்பவே உலகிலே ஒரு புதுத் தொழில் தோன்றியிருக்கின்றது. ஓய்வற்ற குடும்பங்களின் இல்லத்துக்குச் சென்று, அவர்களோடிருந்து, பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்துக் கொடுப்பதே அத்தொழில். ஐக்கிய அமெரிக்காவில் இதனைச் செய்வோர் 1985ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு தேசிய சங்கம் அமைத்துக்கொண்டனர். ஜப்பானில் மரீ கொண்டோ என்னும் பெண்மணி, பல்கலைக்கழக மாணவியாயிருந்த காலத்திலேயே இத்தொழிலைத் தொடங்கினார். அவர் எழுதிய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. 2019இல் நெட்பிளிக்ஸ் தொடர் ஒன்றும் வந்தது. ஒரு பொருளைக் கையிலெடுத்து, இது உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருகின்றதா என்று கேட்டுப் பார். தராவிடின் நன்றி கூறி விடைகொடு என்பதே அவருடைய முறை.

"இது மேனாட்டார் விளையாட்டு, நமக்கெதற்கு?" என்று கேட்பாரும் உளர். ஆயினும் இல்லப் பணியை அறிவோடு செய்தல் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. 1912இல் அமெரிக்கரான கிறிஸ்டீன் பிரெடெரிக் என்பார், தொழிற்சாலையில் வேலையை அளப்பது போன்று தம் சமையலறை வேலையையும் அளந்து ஒரு சஞ்சிகையில் எழுதினார். பாத்திரம் கழுவுவதில் மாத்திரம் எத்தனையோ வீண் அசைவுகளைத் தாம் செய்து வந்ததை அவர் கண்டுகொண்டார். எந்த வேலைக்குப்பின் எந்த வேலை வருகின்றதோ, அந்த வரிசையிலேயே பொருள்கள் இருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டில் இவ்வெண்ணத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றவர் டாக்டர் மேரி இரத்தினம். கனடாவிலே பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இங்கேயே வாழ்நாளைக் கழித்த மருத்துவர் அவர். கனடாவின் கிராமப் பெண்கள் அமைத்த சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் இலங்கை மகிளா சமித்தியைத் தொடக்கினார். சுகாதாரம், சமையல், கைப்பணி, இல்ல நிர்வாகம் ஆகியவற்றை அச்சங்கம் கிராமத்து மாதருக்குக் கற்பித்தது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. இன்று நம் பாடசாலைகளில் மனைப்பொருளியலைப் பயிலும் மாணவியர், அப்பாடம் பரீட்சைக்கு மாத்திரம் உரியது என்று எண்ணாதிருப்பாராக. அதிலே ஒரு தொழிலின் வித்தும் கிடக்கின்றது.

ஆனால், ஜப்பானிய அம்மையாரின் முறையை அப்படியே கொண்டுவந்து அச்சுவேலியில் நட்டால் அது வேர் பிடியாது. காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவில் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கிற்று. கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சியையும் வடமராட்சியையும் நோக்கி மக்கள் நடந்தனர். மறு ஆண்டில் திரும்பியவர்கள் பலர் கூரையில்லா வீட்டையும் வெறுஞ்சுவரையும் கண்டனர். அயலிலுள்ள வளலாய் மக்களில் பலர் 2015 வரையில் தம் காணியில் காலூன்றவே முடியவில்லை.

அவ்வாறு எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர், பிறகு எதையும் எறியத் துணிவதில்லை. வெற்றுப் பால்மாப் பேணி, கைப்பிடி உடைந்த வாளி, பழைய பிளாஸ்டிக் பை, கயிற்றுத் துண்டு யாவும் "ஒருநாள் உதவும்" என்று சேர்கின்றன. இளையோர் இதனைக் கண்டு சிரிப்பர். சிரித்தல் தகாது. அது சோம்பலன்று, பட்டறிவு. ஒரு ரங்குப்பெட்டியின் அடியிலே கிடக்கும் நெளிந்த செம்பு, அப்பயணத்திலே தண்ணீர் மொண்டு கொடுத்த செம்பாக இருக்கலாம். அதைப் பார்த்து, மகிழ்ச்சி தருகின்றதா என்று கேட்பதிற் பொருளில்லை. மகிழ்ச்சி தராது, ஆனாலும் எறியலாகாது.

ஆதலின் இவ்வூரில் இத்தொழிலை மேற்கொள்ளும் ஒருவர் முதலிற் செய்யவேண்டியது கேட்டல். முதல் நாளில் ஒரு பொருளையும் அசையாமல், வீட்டார் எங்கே நடக்கின்றனர், எதைத் தேடுகின்றனர், எதனால் கோபங்கொள்கின்றனர் என்று கவனித்தல் வேண்டும். உரியவரைக் கேளாது ஒரு தாளையேனும் எறிதல் கூடாது. முதியவரின் பெட்டியை அவர் கையாலேயே திறப்பிக்க வேண்டும். அவர் சொல்லும் கதை முடியும் வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.

வேலையைத் தொடங்கும் இடம் பத்திரங்களாக இருத்தல் நலம். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பரீட்சைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி ஆகிய இவற்றை இனம் பிரித்து, நீர் புகாத ஒரே பையில், வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் வைத்தல் வேண்டும். இடம்பெயர்வில் இவற்றைத் தொலைத்தவர் ஒரு பிரதியைப் பெறுவதற்கு எத்தனை காரியாலயப் படிகள் ஏறினர் என்பதை நம் பெற்றோரைக் கேட்டால் தெரியும். போர் நீங்கியும் வெள்ளம் நீங்கவில்லை. அந்தப் பை என்றைக்கும் வேண்டியதே.

அடுத்தது அடுப்படி. நாளாந்தம் வேண்டிய சீனி, தேயிலை, மிளகாய்த்தூள் ஆகியவை கைக்கெட்டும் தட்டிலும், கலியாணத்துக்கும் திவசத்துக்கும் வேண்டிய கிடாரமும் பெரிய சருவமும் பின்னறையிலும் இருந்தால் அரைவாசிச் சண்டை தீரும். பிள்ளைகளின் புத்தகப்பையும் காலணியும் வாசலண்டை அவர்கள் உயரத்தில் இருந்தால் காலை நேரத்துக் கூச்சல் அடங்கும். இவற்றுக்குப் பெரும் பொருட் செலவில்லை. கடைக்குச் சென்று புதுப் பெட்டிகள் வாங்குவதன் முன், வீட்டிலுள்ள கடகத்தையும் பனையோலைப் பெட்டியையும் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாவடக்கம் வேண்டும். அலுமாரியினுள்ளே அடைவுச் சீட்டும் இருக்கும். பழைய கடிதமும் இருக்கும். அங்கே கண்டதைச் சந்தையில் உரைப்பவருக்கு இத்தொழில் இரண்டாம் வீட்டோடு முடிந்துவிடும்.

இனி, பலர் மனத்திலுள்ள தடையைக் கூறுவோம். "படித்த பெண் பிறர் வீட்டிலே சாமான் அடுக்குவதா? இது வேலைக்காரி வேலையன்றோ?" என்பர். இக்கேள்வியிலே இரு பிழைகள் உள. வீட்டு வேலை செய்பவரின் உழைப்பு இழிந்தது என்பது முதற் பிழை. இல்லத்தை ஒழுங்காய் வைத்திருப்பதற்கு அறிவு வேண்டியதில்லை என்பது இரண்டாவது. தாயும் ஆச்சியும் கூலியின்றிச் செய்து வந்தமையால் அதற்கு விலையில்லை என்று நாம் எண்ணிவிட்டோம். நேரத்தையும் ஊதியத்தையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டு, ஒருவர் அதைத் தொழிலாகச் செய்யும்போதுதான், நம் வீட்டிலே அன்றாடம் அதைச் செய்தவர் எத்துணை பெரிய வேலை செய்தார் என்பது நமக்கு விளங்கும்.

இத்தொழிலின் நிறைவு எதில் உள்ளது? பளபளக்கும் அலுமாரியில் அன்று. மரீ கொண்டோ அம்மையாரே, மூன்றாம் பிள்ளை பிறந்த பின்னர், முன்போல் வீட்டை ஒழுங்காய் வைக்க இயலவில்லை என்றும், பிள்ளைகளோடு கழிக்கும் நேரமே தமக்கு முக்கியம் என்றும் 2023இல் கூறினார். இதைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். நமக்கோ அது நல்ல முடிவாகவே தோன்றுகின்றது. ஒழுங்கு நேரத்துக்காகவே, நேரம் மனிதருக்காகவே. தேடுவதிற் கழிந்த அரைமணி, தந்தையும் மகனும் சேர்ந்து உண்ணும் அரைமணியாக மாறுமாயின் அதுவே கூலிக்கு மேற்பட்ட கூலி.

மருத்துவருக்கு நோயாளி திரும்பி வராதிருப்பது பெருமை. இத்தொழிலினருக்கும் அவ்வாறே. ஆறு மாதம் கழித்து அவ்வீட்டார் அவரை மீண்டும் அழைக்க வேண்டாதிருந்தால், கத்தரிக்கோலும் காணி உறுதியும் தத்தம் இடத்தில் இருந்தால், அவர் நன்றாக வேலை செய்தார் என்று பொருள்.

உத்தியோகம் ஒன்றே வாழ்வு என்று காத்திருக்கும் இளைஞரும் யுவதியரும் இதனைச் சிந்திப்பாராக. தொடங்குவதற்கு மூலதனம் வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சொந்த வீட்டின் ஒரு லாச்சியைத் திறவுங்கள்.